லீவு எடுக்க முடியாத அம்மாவும் நான்கு விழாக்களும்

கேள்வி:

வணக்கம் ரீச்சர். நான் கிளிநொச்சியில் கண்டாவளைப் பக்கம் இருக்கிறேன். மகன் தரம் 7, மகள் தரம் 4. கணவர் கட்டாரில். நான் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். விடிய ஐந்தரைக்கு பஸ் ஏறினால் வீடு வர இரவு ஏழு மணியாகும். பிள்ளைகளை மாமிதான் பார்க்கிறா. பாடசாலையில் பொங்கல், விளையாட்டுப் போட்டி, நவராத்திரிக்கு வாணிவிழா, கிறிஸ்மஸுக்கு ஒளிவிழா என்று வருடம் முழுக்க ஏதாவது ஒன்று. எல்லாவற்றுக்கும் பெற்றோர் வரவேண்டும், காசு தரவேண்டும். லீவு எடுத்தால் எனக்கு வரவுக் கொடுப்பனவு வெட்டுப்படும். இந்தமுறை வாணிவிழாவுக்குக் காசு கட்டியவர்களின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். என் பெயர் அதில் இல்லை. விழா அன்று மகள் வயிற்றுக்குத்து என்று படுத்துவிட்டாள், பின்னேரம் நன்றாக விளையாடினாள். மாமனார் ஆவணியில் மோசம்போனார். ஒரு வருடத்து ஆட்டைத் திவசம் முடியும்வரை பாடசாலைப் பொங்கலுக்கும் போகக்கூடாது என்று மாமி சொல்கிறா. உண்மையைச் சொன்னால் எனக்கு அது நல்ல சாட்டாகப் போய்விட்டது. இரவில் அயலுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறேன், அந்தக் காசில்தான் இவர்களின் கொப்பி, சப்பாத்து எல்லாம். நான் பிள்ளைகளைக் கவனிக்காத தாயா ரீச்சர்?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை லீவும் காசும்தான் கண்ணில் பட்டன. இரண்டாம் தடவைதான் கடைசியில் போகிற போக்கில் சொல்லிவிட்ட தையல் வேலை தெரிந்தது. நான் எழுதப்போவதில் பாதி அதைப் பற்றித்தான்.

முதலில் மகளின் வயிற்றுக்குத்து. பின்னேரம் விளையாடினாள் என்பதற்காக அதைப் பொய் என்று வைத்துவிடாதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வெட்கமும் பயமும் வயிற்றில்தான் வரும், உண்மையாகவே வலிக்கும். விழா முடிந்ததும் பயமும் போகும், வலியும் போகும்.

தரம் 1 இல் புதுப்பிள்ளைகளை வரவேற்கிற கால்கோள் விழாவுக்கு அம்மா வராவிட்டால் பிள்ளை அழும். பத்து நிமிடத்தில் பக்கத்துப் பிள்ளையின் பலூனைப் பார்த்து மறந்துவிடும். தரம் 4 அப்படியல்ல. அவள் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். யாருடைய அம்மா சேலை உடுத்து வந்தா, யார் வீட்டு அவல் படைக்கப்பட்டது, யாருடைய பெயரை மைக்கில் சொன்னார்கள் என்று எல்லாம் பார்க்கிறாள். அவள் தேடுவது உங்களைத்தான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். 29 வருடம் வன்னியில் படிப்பித்து, அதில் கடைசிப் பகுதியை வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியையாகக் கழித்த எனக்குத் தெரிந்தவரை, இந்த வயதில் பிள்ளை தேடுவது இன்னும் சின்ன விஷயம். ‘இதில் எங்கட வீட்டுடையது எது?’ என்று தேடுகிறாள். காட்டுவதற்கு ஏதாவது ஒன்று இருந்தால் போதும்.

இதை நான் ஒரு பிழை விட்டுத்தான் படித்தேன். மீள்குடியேற்றம் நடந்த புதிதில் ஒரு பாடசாலையில் வகுப்பாசிரியையாக இருந்தேன். தகரக் கொட்டகைதான் வகுப்பறை. நவராத்திரியில் எங்கள் வகுப்புக்கும் ஒரு நாள் பூசை வந்தது. நான் கரும்பலகையில் அவல், கடலை, சர்க்கரை, வாழைப்பழம், பூ என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கொண்டுவருகிற பிள்ளையின் பெயரையும் எழுதினேன். ஒரு பையனின் பெயருக்கு முன்னால் மட்டும் ஒன்றும் இல்லை. அடுத்த நாள் பூசை தொடங்கிய பிறகு, காற்சட்டை நனைந்து சொட்டச் சொட்ட வந்து நின்றான். பிந்தி வந்ததற்கும் நனைந்ததற்கும் சேர்த்து ஏசினேன். ஏசி முடிந்த பிறகுதான் கையில் நாலு தாமரைப்பூ இருந்ததைக் கண்டேன். விடியற்காலையில் தனியாகக் குளத்துக்குள் இறங்கியிருக்கிறான். அவனுக்கு நீந்தத் தெரியாது. மாரி தொடங்கிய நேரம் வேறு. நான் எழுதிய பட்டியல்தான் அவனைத் தண்ணீருக்குள் இறக்கியது. அன்றோடு அந்தப் பட்டியல் வேலையை விட்டேன். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் அதே பட்டியல்தான், கரும்பலகை மட்டும் மாறியிருக்கிறது.

சரி, காசுப் பேச்சை இப்போதே முடித்துவிடுகிறேன். இலங்கையில் 1945 இலிருந்து கல்வி இலவசம். விழாக் காசு கட்டவில்லை என்று ஒரு பிள்ளையை நிகழ்ச்சியிலிருந்து ஒதுக்க யாருக்கும் உரிமை இல்லை. சேர்க்கிற காசு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக, பற்றுச்சீட்டோடு போகவேண்டும். பெற்றோர் என்ற முறையில் நீங்களும் அந்தச் சங்கத்தில் ஓர் உறுப்பினர்தான். பெயர்ப் பட்டியலைப் பற்றி வகுப்பாசிரியையிடம் தனியாகச் சொல்லுங்கள், குழுவில் எழுதாதீர்கள். குழுவில் எழுதினால் அது சண்டையாகி, உங்கள் மகளின் காதுக்கும் போகும். வகுப்பாசிரியை கேட்காவிட்டால் அதிபர் இருக்கிறார், அதற்கும் மேலே கோட்டக் கல்வி அலுவலகம் இருக்கிறது. பெரும்பாலும் முதல் படியிலேயே முடிந்துவிடும். பட்டியல் போடுகிற ஆசிரியர்கள் கெட்டவர்கள் அல்ல. என்னைப் போல யோசிக்காமல் செய்கிறவர்கள்.

இனித் தையல்.

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நீங்களும் ஒருதடவையாவது போயிருப்பீர்கள். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரித்து, பிறகு வைகாசியில் ஒரு திங்கட்கிழமை வற்றாப்பளையில் பொங்குகிறார்கள். சனம் பார்ப்பது அந்தப் பொங்கலையும் அந்த விளக்கையும். நான் பார்ப்பது வேறொன்று. பாக்குத் தெண்டிச் சேர்ப்பதிலிருந்து தீர்த்தக்குடம் சுமப்பது வரை ஒவ்வொன்றுக்கும் ஆள் இருக்கிறது. இன்ன வேலை இன்னார் வீட்டுக்கு என்று தலைமுறையாக வருகிறது. வேலை உள்ளவன் எங்கே இருந்தாலும் வந்து சேருவான், அவனை யாரும் மேடையில் கூப்பிடவும் தேவையில்லை. எங்கள் பாடசாலைகள் பெற்றோரை ‘வாருங்கள்’ என்று கூப்பிடுகின்றன. வந்தால் கதிரையில் இருத்தி, மூன்று பேரின் உரையைக் கேட்க வைத்து, கடைசியில் ஒரு கப் பொங்கல் கொடுத்து அனுப்புகின்றன. இதற்காக ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டுமா என்று நீங்கள் நினைப்பதில் பிழை எதுவும் இல்லை.

அதனால் நீங்களே ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். வருட முற்பகுதியில், பிள்ளைகளை இல்லங்கள் என்று அணிகளாகப் பிரித்து நடத்துகிற இல்ல மெய்வல்லுநர் போட்டி வருகிறது. இல்லக் கொடி, அணிநடைக்குத் தோளில் போடுகிற பட்டி, தலைக்குக் கட்டுகிற துணி, பெற்றோர் நிகழ்ச்சிக்குச் சாக்கு, இவையெல்லாம் யாரோ தைத்துத்தான் ஆகவேண்டும். பல பாடசாலைகளில் போன வருடக் கொடியைத் தூசி தட்டி, கிழிந்த பக்கத்தை ஊசி குத்திப் பிடித்துக் கொண்டு ஏற்றுகிறார்கள். இல்லாவிட்டால் ரவுனில் கொடுத்துத் தைப்பிக்கிறார்கள், அந்தக் காசுதான் பிறகு உங்களிடம் கேட்கப்படுகிறது. மகளின் இல்லத்துக்கு ஒரு கொடி தைக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் போகும்? என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். நாள் முழுக்க மெசினில் கணக்குக்குத் தைக்கிற கைக்கு அது ஒரு இரவு வேலைகூட இல்லை.

ஆனால் இரண்டு நிபந்தனை. துணியும் நூலும் பாடசாலை தரவேண்டும். அதோடு, ஒரு வருடத்துக்கு ஒரு வேலைதான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கிழமை நடன ரீச்சர் பதினைந்து பாவாடைக்கு அளவு அனுப்புவா. இலவசத் தையல்காரி என்ற பெயர் வந்துவிட்டால் போகாது, நான் கண்டிருக்கிறேன். வகுப்பாசிரியைக்கு நீங்கள் எழுதக்கூடிய துண்டு இது, கொஞ்சம் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்:

“ரீச்சர், வேலை நாளில் என்னால் வரமுடியாது. ஆனால் எனக்குத் தையல் தெரியும், வீட்டில் மெசின் இருக்கிறது. மகளின் இல்லத்துக்குக் கொடி தேவை என்றால் துணியும் அளவும் கொடுத்துவிடுங்கள், இரண்டு கிழமைக்குள் தைத்து அனுப்புகிறேன்.”

அதை மகளின் கையில் கொடுத்துவிடுங்கள், தபாலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பாதீர்கள். தைக்கிற இரவில் அவளைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நூல் வெட்டவும் ஓரம் மடித்துப் பிடிக்கவும் அவளால் முடியும். போட்டி அன்று நீங்கள் தொழிற்சாலையில் இருப்பீர்கள், கொடி மைதானத்தில் நிற்கும். ‘அது அம்மா தைச்சது, ஓரம் நான் பிடிச்சது’ என்று அன்று எத்தனை பேருக்குச் சொன்னாள் என்று இரவு கேட்டுப் பாருங்கள்.

லீவு பற்றி. நான்கு விழாவுக்கும் போக முயற்சிக்க வேண்டாம். வருடத்துக்கு ஒன்று. எது என்பதை மகளும் மகனும் ஆளுக்கொரு வருடம் தெரிவு செய்யட்டும். தரம் 7 பையன் ‘நீங்க வரவேண்டாம்’ என்று சொல்லக்கூடும், அந்த வயதில் அதுவும் வழக்கம்தான், மனம் நோகாதீர்கள். ஜனவரியில் அதிபரிடம் ஆண்டுத் திட்டத்தைக் கேட்டால் விழாக்கள் எந்தக் கிழமையில் வரும் என்று ஓரளவு தெரியும். முன்கூட்டியே சொன்னால் தொழிற்சாலையில் சமாளிக்கலாம், முதல்நாள் இரவு வருகிற வாட்ஸ்அப் செய்தியை வைத்துக்கொண்டு யாரும் லீவு கேட்க முடியாது. இதைப் பெற்றோர் கூட்டத்தில் யாராவது சொல்லவேண்டும். உங்கள் வகுப்பில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற தாய் நீங்கள் ஒருத்தியாக இருக்கமாட்டீர்கள். பஸ்ஸிலேயே ஐந்தாறு பேர் கூட வருவார்கள், அவர்களோடு கதைத்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளும் இருக்கின்றன. மாரி முடிந்ததும் மைதானத்தில் இடுப்பளவு புல் நிற்கும், போட்டிக்கு முன் சிரமதானம் வைப்பார்கள். ஒரு ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, கத்தியோடும் ஒரு போத்தல் தேநீரோடும் போய்வாருங்கள். புல் வெட்டிக்கொண்டு கதைக்கும்போது வகுப்பாசிரியை உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுகிற விஷயம், பெற்றோர் கூட்டத்தில் வரிசையில் நின்று கேட்கிறதைவிடப் பத்து மடங்கு இருக்கும். நான் பிள்ளைகளின் வீட்டுநிலை அறிந்துகொண்டது பெரும்பாலும் அப்படித்தான்.

மாமியின் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகவேண்டும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததால் துடக்கு கழிந்துவிட்டது. ஆட்டை முடியும்வரை வீட்டில் பொங்காமல், தீபாவளி கொண்டாடாமல் விடுவது எங்கள் வழக்கம். அதில் நான் கை வைக்கமாட்டேன், நீங்களும் வைக்காதீர்கள். அவ இழந்தது கணவரை. ஆனால் பாடசாலையில் பொங்குவது உங்கள் வீட்டுப் பானை அல்ல. பிள்ளை அங்கே நிற்பது மாணவியாக. நானறிய இப்படியான வீட்டுப் பிள்ளைகள் பாடசாலைப் பொங்கலில் கோலம் போட்டிருக்கிறார்கள், தோரணம் கட்டியிருக்கிறார்கள், பானைக்கு அரிசி போடுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் விலகி நின்றிருக்கிறார்கள். யாரும் பிழை சொன்னதில்லை. மாமிக்கு மனம் ஒப்பவில்லை என்றால் உங்கள் கோயில் ஐயரிடம் அவவே கேட்கட்டும். நீங்கள் கேட்டு வந்து சொன்னால் அது மருமகளின் வாதமாகிவிடும்.

சாட்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த நேர்மை பிடித்திருந்தது. வருகிற தையோடு அந்தச் சாட்டு முடிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள், அடுத்த தைக்கு ஆட்டை முடிந்திருக்கும்.

மாமியை நீங்கள் பிள்ளை பார்க்கிற ஆளாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கண்டாவளைப் பக்கம் என்றபடியால் அவவும் மாமனாரும் வயல் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இன்றைக்குப் படிப்பிக்க வருகிற இளம் ஆசிரியர்கள் பலருக்கு வயல் தெரியாது. தைப்பொங்கல் என்றால் அறுவடை முடிந்த பண்டிகை என்று புத்தகத்தில் இருக்கிறபடி சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளை வெளியே பார்த்தால் மாரி மழையை நம்பி விதைக்கிற காலபோக நெல் பல வயல்களில் இன்னும் பச்சையும் மஞ்சளுமாக நிற்கிறது. மழை பிந்தி விதைத்த வருடத்தில் அறுவடை மாசி, பங்குனி வரை போகும். அதனால்தான் தைப்பூசத்தன்று புதிர் எடுக்கிற வழக்கம் இருக்கிறது, முற்றிய கதிர் நாலைக் கொய்து வந்து சாமிக்கு வைத்து அந்த அரிசியை உண்கிறோம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல உங்கள் மாமியைவிடத் தகுந்த ஆள் யார்? தரம் 4 இல் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடம் இருக்கிறது. ‘எங்கட அப்பம்மாவுக்கு வயல் வேலை எல்லாம் தெரியும், வந்து சொல்லுவா’ என்று மகள் வகுப்பில் சொன்னால், எந்த நல்ல ஆசிரியையும் விடமாட்டா. அது விழாவும் அல்ல, விசேஷமும் அல்ல, பாடம். ஆட்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உங்களுக்கு லீவும் தேவையில்லை.

மாமி ‘நான் தாலி இழந்தவள், விழா நேரத்தில் போகக்கூடாது’ என்று சொன்னால் மட்டும் விடாதீர்கள். இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. வன்னியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் சுமங்கலிகளை மட்டும் முன்னுக்கு வரச் சொன்னால் எத்தனை தாய்மார் பின்னால் நிற்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2009 க்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் கணவர் இல்லை, சில வீடுகளில் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. அந்தத் தாய்க்கு நெற்றியில் என்ன வைப்பது என்பதே பதில் இல்லாத கேள்வி. நான் இருந்த பாடசாலையில் ஒரு வருடம் வாணிவிழாவுக்கு நிறைகுடத்தடியில் விளக்கேற்ற யாரை அழைப்பது என்று வழமையான தேடல் நடந்தது. பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கிற அம்மா ஒருவர் கைம்பெண். அவரே ஏற்றட்டும் என்று நாங்கள் இரண்டு ஆசிரியைகள் சொன்னோம். ஒரு கணம் மண்டபம் பேசாமல் இருந்தது. பிறகு பிள்ளைகள் சகலகலாவல்லி மாலை பாடத் தொடங்கினார்கள், பூப் போட்டார்கள், பூசை நடந்தது. அதற்குப் பிறகு அங்கே அந்தத் தேடல் நடக்கவில்லை.

ஒளிவிழா பற்றி நீங்கள் ஒரு சொல் மட்டும் எழுதியிருந்தீர்கள், அடுத்து வருவதும் அதுதான். சைவக் குடும்பம் என்றபடியால் அது உங்களுடையதில்லை என்று விட்டிருக்கக்கூடும். ஆட்டைப் பிரச்சினை அதில் கிடையாது என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். வைக்கோலும் கிடுகும் குளக்கட்டு மண்ணும் கொண்டு பாலன் குடில் கட்டுவார்கள், உங்கள் மகனைப் போன்ற பையன்களுக்கு அது கொண்டாட்டமான வேலை. உங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் படிப்பார்கள். அவர்கள் வீட்டில் பொங்கல் வைக்கிற முறையும் கொஞ்சம் வேறு. இவை எல்லாவற்றையும் ஒரு பிள்ளை பார்த்துப் பழகுகிற இடம் பாடசாலை மட்டும்தான். அதனால்தான் விழாவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, விருந்தினருக்கு மாலை போடுகிற பகுதி மட்டும் போனால் சந்தோசப்படுவேன். ஒரு வருடம் பிரதம விருந்தினர் இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்ததில், எங்கள் பொங்கல் அடிப்பிடித்து, அதன் கருகல் மணத்தோடேயே வரவேற்புரை நடந்தது.

நீங்கள் கவனிக்காத தாயா என்று கேட்டிருந்தீர்கள். கவனிக்காத தாய்க்கு மகள் பின்னேரம் விளையாடினாள் என்பது தெரிந்திருக்காது, ஏழு மணிக்கு வீடு வந்து அதையும் விசாரித்திருக்கிறீர்கள்.

மறந்துவிட்டேன், அந்த வயிற்றுக்குத்தைப் பற்றி இன்னொன்று. விழா நாளில் மட்டும் வந்தால் நான் சொன்னதுதான் காரணம். சனி, ஞாயிறிலும் வருகிறதா, சாப்பாட்டைத் தள்ளுகிறாளா, இரவில் எழும்புகிறாளா என்று மாமியிடம் கேளுங்கள். அப்படி இருந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், பூச்சியாகவும் இருக்கலாம்.